முந்திப் பூத்த கடுகு: வறட்சி எதைத் தேர்ந்தெடுக்கிறது?

வறட்சியில் வலுவான செடி பிழைக்கும், மற்றவை கருகும். நாலைந்து தலைமுறையில் இனமே வறட்சியைத் தாங்கப் பழகிவிடும். இயற்கைத் தேர்வு என்றதும் பலர் மனதில் வருவது இதுதான். இதில் இரண்டு பிசகு இருக்கிறது. தனிச்செடி ஒன்று தன் வாழ்நாளில் பழகிக்கொண்டது பெரும்பாலும் அந்தச் செடியோடு போய்விடும்; தலைமுறை தாண்டி மாறுவது, கூட்டத்தில் எந்த மரபணு வடிவம் எத்தனை செடிகளில் இருக்கிறது என்ற விகிதம். அடுத்தது இன்னும் முக்கியம்: இயற்கைத் தேர்வு பார்ப்பது விதையை. ஆறே வாரம் வாழ்ந்து நாற்பது விதை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோன செடி, நான்கு மாதம் பச்சையாக நின்று ஒரு காயும் பிடிக்காத செடியை வென்றுவிட்டது.

இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், காட்டுச் செடிகளில் "வறட்சி எதிர்ப்பு" என்று நாம் சொல்வது பல நேரம் எதிர்ப்பாகவே இருக்காது. அவசரமாக இருக்கும். இதை அளந்து காட்டிய ஆய்வுகளில் மிகத் தெளிவானது தென் கலிபோர்னியாவின் காட்டுக் கடுகைப் பற்றியது.

செடியின் அறிவியல் பெயர் பிராசிகா ராப்பா. ஐரோப்பாவிலிருந்து வந்து கலிபோர்னியாவின் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் காடாகிப்போன, மஞ்சள் பூப் பூக்கும் ஒருபருவச் செடி. டர்னிப், சீன முட்டைக்கோஸ், வட இந்தியாவின் மஞ்சள் சர்சோன் எல்லாம் இதே இனம்தான். நாம் தாளிக்கும் கடுகு, இந்த இனமும் கருங்கடுகும் எப்போதோ கலந்து பிறந்த கலப்பினம். கலிபோர்னியாவில் இது குளிர்கால மழையில் முளைக்கும், வசந்தத்தில் பூக்கும், மழை நின்று மண் காயும்போது செத்துவிடும். மழையின் அளவைவிட மழை எப்போது நிற்கிறது என்பதே இதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

1997இல் பரிணாம உயிரியலாளர் ஆர்தர் வைஸின் ஆய்வகம் அர்வைன் நகரை ஒட்டிய இரண்டு இடங்களில் விதை சேகரித்து வைத்திருந்தது. ஓரிடம் ஈரம் தங்கும் மண், மற்றொன்று சீக்கிரம் காயும் மண். பிறகு 2000 முதல் 2004 வரை தொடர் வறட்சி. 2004இல் அதே இரண்டு இடங்களில் மறுபடி விதை எடுத்தார்கள். பழைய விதையையும் புதிய விதையையும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், ஒரே மண்ணில் முளைக்கவைத்து அருகருகே வளர்த்தார்கள். ஸ்டீவன் ஃபிராங்க்ஸ், ஷீனா சிம், வைஸ் மூவரும் 2007இல் வெளியிட்ட முடிவு: வறட்சிக்குப் பிந்தைய சந்ததி முன்னோரைவிட முந்திப் பூத்தது. காய்ந்த இடத்துச் செடிகளில் வித்தியாசம் 1.9 நாள். ஈரமான இடத்துச் செடிகளில் 8.6 நாள்.

ஈரமான இடத்தில்தான் மாற்றம் அதிகம் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். காய்ந்த மண்ணில் வளர்ந்த கூட்டம் வறட்சிக்கு முன்பே சீக்கிரம் பூக்கும் கூட்டமாக இருந்தது; தாமதமாகப் பூப்பவற்றை அந்த மண் ஆண்டுதோறும் வடிகட்டி வந்திருந்தது. ஈரமான இடத்தில் தாமதமாகப் பூக்கும் வடிவங்கள் நிறைய மிச்சமிருந்தன. ஐந்து வறண்ட பருவங்கள் அவற்றை ஒரேயடியாகக் கழித்தன. எங்கே வேறுபாடு மிச்சமிருக்கிறதோ அங்கேதான் தேர்வுக்கு வேலை இருக்கும்.

தப்பித்தல், தவிர்த்தல், தாங்குதல்

வறட்சியை எதிர்கொள்ளத் தாவரங்களுக்கு மூன்று வழிகள் என்று பாடநூல்கள் பிரிக்கும். மண் காய்வதற்குள் பூத்துக் காய்த்து முடித்துவிடுவது தப்பித்தல். மண் காய்ந்தாலும் இலைக்குள் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது தவிர்த்தல்: இலைத்துளைகளை மூடுவது, இலையைச் சிறிதாக்குவது, மெழுகுப் பூச்சைத் தடிப்பாக்குவது, வேரை ஆழமாக விடுவது. உள்ளே ஈரம் போனபின்னும் உயிரோடிருப்பது தாங்குதல். தென்னாப்பிரிக்கப் பாறைகளில் வளரும் மைரோத்தாம்னஸ் புதர் மொறுமொறுவென்று காய்ந்து மடங்கிக் கிடந்து, மழை பெய்த சில மணி நேரத்தில் விரியத் தொடங்கும். இந்த மூன்றாவது வகை பூக்கும் தாவரங்களில் மிக அரிது.

முதல் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை, காரணம் இலைத்துளை. கரியமில வாயு உள்ளே வரும் வாசலும் நீராவி வெளியே போகும் வாசலும் ஒன்றே. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைப் பிடிக்கச் சாதாரண செடி நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை விட்டுக்கொடுக்கிறது. துளையை ஒடுக்கினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் வளர்ச்சி மெதுவாகும், பூ தள்ளிப்போகும். சீக்கிரம் பூக்க வேண்டுமானால் துளையைத் திறந்துவைத்துத் தண்ணீரைத் தாராளமாகச் செலவழித்து வேகமாக வளர வேண்டும். அதாவது வறட்சியிலிருந்து தப்பிக்கும் செடி தண்ணீரை வீணடிக்கும் செடியாக இருக்கலாம்.

காட்டுக் கடுகில் நடந்ததும் இதுவே. ஃபிராங்க்ஸ் 2011இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், வறட்சிக்குப் பிந்தைய சந்ததியின் நீர்ப் பயன்பாட்டுத் திறன், அதாவது செலவழிக்கும் நீருக்கு எவ்வளவு கரியமில வாயுவைப் பிடிக்கிறது என்பது, கூடியிருக்கவில்லை. குறையும் பக்கமே சாய்ந்திருந்தது. 2008இல் வந்த மற்றொரு கட்டுரைப்படி அவற்றின் தண்டு மெலிந்திருந்தது, பூக்கும்போது இருந்த கணுக்களும் குறைவு. சிக்கனமும் உறுதியும் கூடும் என்று எதிர்பார்த்த இடத்தில் சிறிய, செலவாளியான, அவசரக்காரச் செடி வந்து நின்றது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அரபிடாப்சிஸிலும் இந்த முடிச்சு தெரியும். ஃபிரிஜிடா என்ற மரபணு வேலை செய்யும் செடிகள் தாமதமாகப் பூத்து நீரைச் சிக்கனமாகச் செலவிடும். அது செயலிழந்த செடிகள் முந்திப் பூத்து நீரை அதிகம் செலவிடும். ஒரே மரபணு இரண்டு குணங்களையும் சேர்த்து இழுப்பதால், தேர்வு ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் கூடவே வரும்.

எல்லா இனமும் இந்தப் பக்கம்தான் போகும் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. கடற்கரை மணலில் வளரும் காக்கில் எடென்டுலா என்ற செடியில் சூசன் டட்லி 1996இல் காட்டியது நேர் எதிர்: காய்ந்த சூழலில் நீர்ப் பயன்பாட்டுத் திறன் கூடிய, இலை சிறுத்த செடிகளே அதிகம் விதைத்தன. பல்லாண்டுப் புதருக்கும் மரத்துக்கும் தப்பித்தல் என்ற வழியே கிடையாது, கோடை முழுக்க அங்கேயே நின்றாக வேண்டும். வறட்சி பருவத்தின் கடைசியில் வந்து, அதன் வருகை ஓரளவு நிச்சயமாகவும் இருந்தால் அவசரம் வெல்லும். பருவத்தின் நடுவில் விட்டுவிட்டு வந்தால் சிக்கனம் வெல்லும். "இந்த இடத்தில் வறட்சி" என்று மட்டும் சொல்வது போதாது. எந்த வாரத்தில் என்று சொல்ல வேண்டும்.

முன்னோரை எழுப்பும் சோதனை, படிப்படியாக

பழைய விதையை முளைக்கவைத்துச் சந்ததியோடு ஒப்பிடும் இந்த முறைக்கு உயிர்த்தெழுப்பும் சோதனை என்று பெயர். கேட்க எளிது. ஒவ்வொரு படியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

வயலில் நின்று "போன வருடத்தைவிட இந்த வருடம் பத்து நாள் முன்னாலேயே பூத்துவிட்டது" என்று குறித்தால் அது பரிணாமத்துக்குச் சான்றாகாது. அதே மரபணுக்களோடு ஒரு செடி வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப முன்பின் பூக்கும். அந்த நெகிழ்ச்சியைக் கழிக்கத்தான் இரு தலைமுறையையும் ஒரே கூடத்தில் வளர்க்கிறோம்.

அது மட்டும் போதாது. வறட்சியில் வாடிய தாய் சிறிய விதை தரும். கொழுத்த தாய் பெரிய விதை தரும். விதையின் அளவே நாற்றின் வேகத்தை மாற்றும். போதாக்குறைக்கு ஒரு விதை ஏழு வருடம் குளிரில் கிடந்தது, மற்றது நேற்றுப் பறித்தது. எனவே சோதனைக்கு முன் ஒரு புதுப்பிப்புத் தலைமுறை கட்டாயம்: பழையதையும் புதியதையும் ஒரே சூழலில் வளர்த்து, முன்னோரை முன்னோரோடும் சந்ததியைச் சந்ததியோடும் கலந்து, அதில் கிடைக்கும் புது விதையை மட்டுமே சோதனைக்கு எடுக்க வேண்டும். நேரமில்லை என்று இதைத் தவிர்க்கும் ஆய்வுகளை நான் நம்புவதில்லை.

இந்தக் கடுகு தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. சூலகமுடியின் மேற்பரப்பு சொந்த மகரந்தத்தை அடையாளம் கண்டு முளைக்கவிடாமல் தடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு காய்க்கும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். தூரிகையும் உதவும், ஆனால் இறந்த தேனீயின் மயிரடர்ந்த மார்புப் பகுதியைப் பல்குச்சி நுனியில் பசையால் ஒட்டிச் செய்யும் குச்சிக்கு ஈடில்லை. பூவில் ஆறு மகரந்தத் தாள்கள், நான்கு நெட்டை, இரண்டு குட்டை. காலையில் விரிந்த பூவில் நெட்டையான நான்கின் மேல் குச்சியை மெல்ல உருட்டினால் மயிரெல்லாம் மஞ்சளாகும். அதை மற்றச் செடியின் சூலகமுடியில் தொட்டால் போதும். தந்தைச் செடி மாறும்போது குச்சியும் மாற வேண்டும். காம்பில் வண்ண நூல் கட்டாவிட்டால் மூன்று நான்கு வாரம் கழித்துக் காய் முற்றும்போது எது எந்தக் கலப்பு என்று தெரியாது. கூடத்துக்குள் ஒரே ஒரு ஈ நுழைந்தாலும் கணக்கு கெடும், வலை கிழியாமல் இருக்க வேண்டும்.

அடுத்து மூன்று வகை விதை தயார் செய்ய வேண்டும்: முன்னோர், சந்ததி, இரண்டும் கலந்தது. கலப்பு நடுவில் பூத்தால் பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் கூட்டலாகச் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். ஒரு பெற்றோரின் பக்கமே ஒட்டினால் ஓங்கிய மரபணு ஏதோ இருக்கிறது. தாயையும் தந்தையையும் மாற்றிச் செய்த இரு கலப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டால், தாய்வழிச் செல்வாக்கு இன்னும் கழியவில்லை என்று எச்சரிக்கை. அர்வைன் கடுகில் கலப்பு நடுவில்தான் பூத்தது.

நாள் கணக்கை விதைத்த தேதியிலிருந்து எடுப்பது பரவலான தவறு. பழைய விதை மூன்று நாள் தாமதமாக முளைத்தால் அந்த மூன்று நாளும் பூக்கும் காலத்தில் ஏறிக்கொள்ளும். முளை மண்ணுக்கு மேல் வந்த நாளிலிருந்து, முதல் பூவின் இதழ் விரிந்த நாள் வரை எண்ண வேண்டும். தினமும் ஒரே வேளையில் பார்க்க வேண்டும்.

தொட்டியில் வறட்சியை உண்டாக்குவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் எல்லாச் செடிக்கும் ஒரே வறட்சி கிடைக்காது. பெரிய செடி தன் தொட்டியை இரண்டு நாளில் உறிஞ்சிக் காலி செய்யும். சின்னச் செடியின் தொட்டி ஐந்து நாள் ஈரமாக இருக்கும். கடைசியில் "பெரிய செடி வறட்சிக்கு ஆகாது" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது அதிக வறட்சியைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான். எடை வைத்துத் தண்ணீர் விடுவது இதற்கு மருந்து. தொட்டியை நன்றாக நனைத்து ஒரு நாள் வடியவிட்டு எடை போடுங்கள். அதே மண்ணின் மாதிரியை 105 டிகிரி செல்சியஸில் காயவைத்து உலர் எடையைக் கண்டுபிடியுங்கள். தொட்டியில் உலர் மண் 800 கிராம், வடிந்தபின் மண்ணும் நீருமாக 1,200 கிராம் என்றால் மண் பிடித்து வைப்பது 400 கிராம் நீர். அதில் 40 சதவீதம் வேண்டுமானால் 160 கிராம். ஆகவே மண்ணும் நீரும் சேர்ந்து 960 கிராமில் நிற்கும்படி தினமும் ஊற்ற வேண்டும். செடி வளர வளர அதன் எடையும் தராசில் ஏறும், அதையும் அவ்வப்போது கழிக்க வேண்டும்.

கேள்வி பருவக் கடைசி வறட்சியைப் பற்றியது என்றால் இந்த முறையும் பொருந்தாது. குறிப்பிட்ட நாளில் எல்லாத் தொட்டிக்கும் தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டும்: ஒரு பகுதிக்குச் சீக்கிரம், ஒரு பகுதிக்கு நடுவில், ஒரு பகுதிக்குத் தாமதமாக. அர்வைன் ஆய்வு பருவத்தின் நீளத்தை மாற்றிப் பார்த்தது, அந்த இடத்து மழை அப்படித்தான் நடந்துகொள்கிறது.

நீர்ப் பயன்பாட்டுத் திறனை அளக்க ஒரு நேர்த்தியான வழி உண்டு. காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ 1.1 சதவீதம் கனமான கார்பன்-13. ஒளிச்சேர்க்கையின் முதல் நொதி லேசான கார்பனையே விரும்பி எடுக்கும். துளை திறந்திருந்தால் தேர்ந்தெடுக்க வாய்ப்பு அதிகம். துளை ஒடுங்கி உள்ளே வாயு குறைந்தால் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும், கனமான கார்பன் இலையில் கூடும். இலையை 60 டிகிரியில் காயவைத்து, மாவாக அரைத்து, ஓரிரு மில்லிகிராம் எடுத்துத் தகரச் சிமிழில் மடித்து நிறை நிறமாலைமானிக்கு அனுப்ப வேண்டும். கனமான கார்பன் அதிகமுள்ள இலை, தன் ஆயுள் முழுக்கச் சராசரியாகச் சிக்கனமாக இருந்த இலை. ஆனால் வெவ்வேறு வயது இலைகளைக் கலந்து அரைத்தால் எண்ணுக்கு அர்த்தமே போய்விடும். எல்லாச் செடியிலும் ஒரே கணுவின் இலையை எடுக்க வேண்டும்.

கடைசிப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாதது. 1997 விதையில் பாதிதான் முளைத்தது என்று வையுங்கள். முளைக்காத பாதி தற்செயலாகச் செத்ததா, அல்லது நீண்ட நாள் கெடாமல் இருக்கும் மரபணு உள்ளவை மட்டும் மிஞ்சினவா? இரண்டாவது உண்மையாகி, அந்த மரபணு பூக்கும் காலத்தோடும் தொடர்புடையது என்றால், நாம் ஒப்பிடுவது முன்னோரையே அல்ல, சேமிப்பு வடிகட்டிய முன்னோரை. இதைப் பற்றி வைஸ் 2018இல் தனிக் கட்டுரையே எழுதினார். தாய்வாரியாகத் தனித்தனிப் பொட்டலத்தில் விதை வைத்திருந்தால், எந்தக் குடும்பம் எத்தனை சதவீதம் முளைத்தது, அந்தக் குடும்பத்தின் பூக்கும் நாள் என்ன என்று பொருத்திப் பார்த்துச் சாய்வைப் பிடிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டி வைத்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

ஏழு தலைமுறையில் எட்டரை நாள் சாத்தியமா?

பயிர்ப் பெருக்கத்தில் ஒரு பழைய சமன்பாடு உண்டு: ஒரு தலைமுறையில் வரும் மாற்றம் என்பது, தேர்வின் வலிமையை அந்தக் குணத்தின் மரபுப் பங்கால் பெருக்கினால் கிடைப்பது. தேர்வின் வலிமை என்பது, எல்லாச் செடிகளின் சராசரிக்கும் விதை எண்ணிக்கைப்படி எடை கொடுத்த பெற்றோர் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். மரபுப் பங்கு என்பது, செடிகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் மரபணுக்களால் வருவது எத்தனை பங்கு என்பது. எடுத்துக்காட்டாக, கூட்டத்தின் சராசரி முளைத்த 50ஆம் நாள் பூக்கிறது. அதிகம் விதைத்தவற்றைக் கணக்கில் கொண்டால் பெற்றோர் சராசரி 45ஆம் நாள். வித்தியாசம் 5 நாள். மரபுப் பங்கு 0.3 என்றால் பிள்ளைகள் 1.5 நாள் முந்தும்.

1997 முதல் 2004 வரை ஏழு தலைமுறை. 8.6 நாளை ஏழால் வகுத்தால் தலைமுறைக்கு 1.2 நாள், வறண்ட ஐந்து பருவத்தில் மட்டும் மாறியது என்று கொண்டால் 1.7 நாள். இது நடக்காத காரியமில்லை. ஃபிராங்க்ஸ் குழு களத்தில் தேர்வின் வலிமையையும் மரபுப் பங்கையும் தனியே அளந்து, கண்ட மாற்றத்துக்கு அவை தாராளமாகப் போதும் என்று காட்டியது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மாற்றம் நடந்தது என்று சொல்வதோடு நிற்காமல், அதற்கான எரிபொருள் இருந்ததா என்றும் பார்த்தார்கள்.

எரிபொருளைக் கூட்டும் இன்னொரு விஷயமும் கடுகில் உண்டு. முந்திப் பூத்த செடிக்குக் கிடைக்கும் மகரந்தம் முந்திப் பூத்த இன்னொன்றிடமிருந்துதான் வரும், ஏனென்றால் தாமதமானவை அன்று மொட்டாகவே நிற்கும். ஒத்தது ஒத்ததோடு சேர்வதால் பிள்ளைகளில் இரு கோடிகளும் விரிந்து, தேர்வுக்குக் கூடுதல் வேறுபாடு கிடைக்கும். பூக்கும் காலம் மற்றக் குணங்களைவிட வேகமாக மாறுவதற்கு இது ஒரு காரணம். இலை அளவுக்கு இந்த வசதி இல்லை.

இஸ்ரேலிலும் இதே திசையில் ஒரு சான்று உண்டு. எவியாதர் நெவோ குழு காட்டுக் கோதுமையிலும் காட்டு வாற்கோதுமையிலும் பத்துப் பத்துக் கூட்டங்களின் விதையை 1980இலும் 2008இலும் சேகரித்து ஒன்றாக வளர்த்தது. 28 ஆண்டில் இரண்டு இனத்திலும் பூக்கும் காலம் ஏறத்தாழ ஒன்றரை வாரம் சுருங்கியிருந்தது.

விலை

அவசரத்துக்கு விலை உண்டு. மழை நீண்ட ஆண்டில் முந்திப் பூத்த சின்னச் செடி நஷ்டப்படும். பக்கத்தில் ஒரு மாதம் கூடுதலாக வளர்ந்து கிளைத்தது அதைவிடப் பல மடங்கு காய்க்கும். அதனால் ஈரமான பருவங்கள் தொடர்ந்தால் தேர்வு எதிர்த்திசையில் இழுக்கும். பழைய மரபணு வடிவங்கள் வறட்சியில் அடியோடு அழிந்துபோயிருந்தால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. சிறிய கூட்டங்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஐயாயிரம் செடி நிற்கும் சாலையோரம் ஒரு வறட்சியைத் தாண்டும். ஐம்பது செடி நிற்கும் மேட்டில் அதே வறட்சி வேறுபாட்டையே துடைத்துவிடும்.

நோய் இன்னொரு விலை. அதே அர்வைன் கடுகில், வறட்சிக்குப் பிந்தைய சந்ததி ஆல்டர்னேரியா பிராசிகே என்ற பூசணத்துக்கு முன்னோரைவிட எளிதாக இரையானது என்று 2016இல் ஓ'ஹாரா, ரெஸ்ட், ஃபிராங்க்ஸ் காட்டினார்கள். இலையில் வளையம் வளையமாகக் கரும்புள்ளி விழவைக்கும் அந்தப் பூசணம் கடுகு பயிரிடுவோருக்கு நன்கு தெரிந்ததுதான். வேகமாக வளர்வதில் போட்ட முதலீட்டைப் பாதுகாப்பில் போட முடியாமல் போவது ஒரு விளக்கம். வறண்ட ஆண்டுகளில் பூசணம் குறைவாக இருந்ததால் எதிர்ப்பைக் காக்கும் தேர்வு தளர்ந்தது மற்றொன்று.

முளைக்காமல் இருப்பதும் ஒரு வழி

பாலைவன ஒருபருவச் செடிகள் இன்னும் ஒரு படி முன்னால் தொடங்குகின்றன. நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் முளைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல ஆண்டில் முளைத்த செடிக்குப் பத்து விதை, கெட்ட ஆண்டில் பூஜ்ஜியம், இரண்டும் மாறிமாறி வருகின்றன, மண்ணில் உறங்கும் விதையில் ஆண்டுக்கு 90 சதவீதம் பிழைக்கும். எல்லாம் முளைத்தால் முதல் கெட்ட ஆண்டோடு வம்சம் முடிந்தது. பாதி முளைத்தால் நல்ல ஆண்டில் 5.45 மடங்கு, கெட்ட ஆண்டில் 0.45 மடங்கு, இரண்டையும் பெருக்கினால் இரண்டு ஆண்டில் 2.45 மடங்கு. பத்து சதவீதம் மட்டும் முளைத்தால் 1.81ஐ 0.81ஆல் பெருக்கி, 1.47 மடங்கு. ரொம்பவும் தயங்கினாலும் நஷ்டம். இந்தக் கணக்கில் சிறந்தது 45 சதவீதம். நல்ல ஆண்டு வரும் வாய்ப்புக்கு அருகிலேயே அது நிற்கிறது. 1966இல் டான் கோஹன் கணிதமாக எழுதிக்காட்டிய கருத்து இதுவே.

அரிசோனாவின் டூசான் நகரில் டுமமோக் குன்றில் உள்ள பாலைவன ஆய்வகத்தில் லாரன்ஸ் வெனபிள் குழு 1982 முதல் அளவுக் கட்டங்களில் முளைத்த செடிகளையும் அவை விட்ட விதைகளையும் எண்ணி வருகிறது. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் ஏறி இறங்கும் இனங்களே குறைந்த விகிதத்தில் முளைக்கின்றன என்பது அந்தத் தரவில் தெரிந்தது. சிக்கனமாக நீர் செலவிடும் இனங்கள் மெதுவாக வளர்பவை, வேகமாக வளர்பவை நீர்ச் செலவாளிகள் என்ற அதே முட்டுக்கட்டையையும் அங்கே இனங்களுக்கிடையில் பார்த்தார்கள்.

மண்ணில் உறங்கும் விதை பரிணாமத்தின் வேகத்தையும் குறைக்கும். இந்த ஆண்டு முளைப்பவற்றில் ஒரு பங்கு ஐந்து வருடத்துக்கு முந்தைய தேர்வைச் சுமந்து வருகிறது. வறட்சி விரட்டிய வடிவங்கள் மண்ணுக்குள்ளிருந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். வறட்சி நீடித்தால் அது தடை; ஈரம் திரும்பினால் அது காப்பீடு. விதை உறக்கம் உள்ள இனத்தில் உயிர்த்தெழுப்பும் சோதனை செய்பவர் இரண்டு ஆண்டு விதையிலும் பழைய தலைமுறை கலந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

விதை எடுத்து வைப்பவருக்கு

அர்வைன் ஆய்வு சாத்தியமானது, வறட்சி வருமென்று தெரியாமலேயே ஒருவர் 1997இல் விதையைப் பத்திரப்படுத்தியதால். அந்தப் பாடத்திலிருந்து அமெரிக்காவில் புராஜெக்ட் பேஸ்லைன் உருவானது. 60க்கும் மேற்பட்ட இனங்களின் விதையை நாடு முழுக்கச் சேகரித்து, கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் உள்ள வேளாண் துறை விதை வங்கியில், வரும் பல பத்தாண்டுகளின் ஆய்வாளர்களுக்காக உறையவைத்திருக்கிறார்கள்.

இதைச் சின்ன அளவில் எந்தக் கல்லூரியும் செய்யலாம். ஒரு கூட்டத்தில் குறைந்தது நூறு தாய்ச் செடி. ஒவ்வொன்றுக்கும் தனிக் காகித உறை. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் அடைபட்டுப் பூசணம் வரும். கொழுத்த செடியாகப் பார்த்துப் பறிக்கக் கூடாது. கயிறு கட்டி, குறித்த இடைவெளியில் எது வருகிறதோ அதை எடுக்க வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடுவதும் தவறு. சீக்கிரம் போனால் முந்திப் பூத்தவற்றின் காய் மட்டும் முற்றியிருக்கும், தாமதமாகப் போனால் அவை வெடித்துச் சிதறியிருக்கும். பூக்கும் காலத்தை அளக்கவே சேகரிக்கும்போது இந்தச் சாய்வு ஆய்வையே கொன்றுவிடும். பருவத்தில் இரண்டு மூன்று முறை போக வேண்டும், ஒவ்வோர் உறையிலும் தேதி எழுத வேண்டும்.

காயவைப்பது வெயிலில் வேண்டாம். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில், விதையின் எடைக்குச் சம எடை ஜெல் வைத்து, அறைக் குளிரில் ஓரிரு வாரம் வைக்கலாம். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் சூடாக்கி மறுபடி போட வேண்டும். பொதுவான விதி ஒன்று உண்டு: விதை ஈரம் 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை, ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும், வெப்பம் ஒவ்வொரு ஐந்தாறு டிகிரி குறையும்போதும் மறுபடி இரட்டிக்கும். காய்ந்தபின் காற்றுப் புகாத அலுமினியத் தாள் உறையில் அடைத்து மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். ஈரம் போகாத விதையை உறையவைத்தால் உள்ளே பனிப்படிகம் உண்டாகிக் கரு செத்துவிடும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கவும் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால் குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் படிந்து, அதுவரை செய்த காப்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

எடுத்து வைத்த ஆண்டிலேயே ஒவ்வொரு தாயின் விதையிலும் இருபதை முளைக்கவைத்து சதவீதத்தைக் குறித்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து முளைப்பு குறைந்தால், சேமிப்பில் எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல அந்த முதல் எண் மட்டுமே சாட்சி.